ஆம்பூருக்கு வந்த பேய்க்கணவாய்

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் புதிதாக ஒரு மீன்கடை திறந்திருக்கிறார்கள். போன வாரம் ஒருநாள் காலை சங்கரா வாங்கலாம் என்று போனேன். ஐஸ் தட்டின் ஓரத்தில், இறாலுக்குப் பக்கத்தில், வெளிறிப்போய் ஏதோ சுருண்டு கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட கடைக்காரர், ஒரு கையைப் பிடித்து அதைத் தூக்கிக் காட்டினார். மற்ற ஏழு கைகளும் தொங்கின.

"பேய்க்கணவாய் சார், ஆக்டோபஸ். இந்தப் பக்கம் யாரும் வாங்க மாட்டேன்றாங்க. வெட்டித் தரட்டா? கம்மி பண்ணித் தர்றேன்."

"வாணாம்பா. இவங்க சொந்தக்காரங்க எங்க வீட்ல இருந்தாங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு அதை ஐஸில் திரும்ப வைத்தார். நீ இருந்திருந்தால் நடுரோட்டில் நின்று சிரித்திருப்பாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியவை எத்தனையோ சேர்ந்து கிடக்கின்றன. ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவிய பிறகும் விரலில் ஒட்டியிருந்த அந்தக் கடல் வாசனை, என்னை எழுபத்தொன்பதாம் வருஷத்து ஆம்பூருக்குத்தான் இழுத்துக்கொண்டு போனது.

கல்யாணமான புதிதில் நீ என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாய், சோறு போடுவாய், பிறகு ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாய். ஆற்காட்டுப் பெண். மெட்ராஸில் விலங்கியல் படித்து, ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரே சொல்லியிருந்த பெண். முதலில் கல்யாணம், மற்றதெல்லாம் பிறகு என்று உன் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மாப்பிள்ளையாக வந்த நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் கெமிஸ்ட்டாக இருந்தவன். எத்தனை சோப்பு போட்டாலும் என் சட்டையை விட்டு அந்தத் தோல் வாசனை போகாது. நான் உள்ளே வரும்போது நீ ஒரு அடி தள்ளி நின்றதை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

மாசியில் இரண்டு நாள் லீவு கிடைத்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன். எல்லாப் புதுப்பெண்களும் சொல்கிற திருப்பதியை நீ சொல்லவில்லை.

"கோவளம் போலாமா? அமாவாசைக்குத் தண்ணி நல்லா உள்வாங்கும்" என்றாய்.

கடல் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டாய். ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்து, மறக்காமல் அதை இருந்தபடியே திரும்ப வைத்தாய். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் வேலையை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதுதான் நீ கத்தினாய்.

"இன்னாங்க! சீக்கிரம் வாங்க! செருப்பை விட்டுட்டு வாங்க!"

உன் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு கல் இடுக்கில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில், மணல் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறமானது. பிறகு கைகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக எழும்பின. நீ மூச்சு விடவில்லை.

"இதை நான் பாத்திருக்கேன். சார் ரூம்ல, பாட்டில்ல. எப்பவோ யாரோ புடிச்சுப் போட்டது. ரெண்டே ரெண்டு. வெளுத்து ரப்பர் மாதிரி ஆயிருக்கும். உயிரோட இது இன்னா நிறம்னு எந்தப் புஸ்தகத்துலயும் இல்லைங்க."

அதன் பிறகு நீ பேச்சை நிறுத்தவே இல்லை. ஒரு மீனவரிடம் மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட் ஒன்றும் இரண்டு கேன்களும் வாங்கினோம். பஸ்ஸில் மெட்ராஸ், அங்கிருந்து ரயிலில் ஆம்பூர். வழி முழுக்க நான் ஒரு டம்ளரால் பக்கெட் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் தண்ணீரில் காற்று கலக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். அரக்கோணம் தாண்டியதும் எதிர் சீட்டுப் பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னா தம்பி அதுல, டீயா ஆத்துற?"

"நண்டுங்க" என்று நீ முந்திக்கொண்டாய். அதே நேரம் பக்கெட் விளிம்பில் ஒரு கை மெல்ல ஏறி, என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பெரியவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு காட்பாடி வரை சிரித்தாய்.

பக்கத்து ஊர்க் கல்லூரியில் உனக்கு டியூட்டர் வேலை கிடைத்திருந்ததால், அங்கே சும்மா கிடந்த கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாய். நம் வாடகை வீட்டின் பின்கட்டில், வெயில் படாத மூலையில் அதை வைத்தோம். அடியில் மணல், நடுவில் வாய் உடைந்த ஒரு மண்கலயம். அதற்குள் அது குடியேறியது. கடலிலிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளி, பாலாறே வறண்டு கிடக்கும் ஊரில் ஒரு பேய்க்கணவாய்! வீட்டுக்காரம்மாவை நாம் ஆபா என்று கூப்பிடுவோம்; அவர் உன்னை உருதுவில் பேட்டி, மகளே, என்பார். மாடியில் இருந்தவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இன்னா பேட்டி இது? தலை எங்க, உடம்பு எங்க? அல்லா, எத்தனை காலு!"

"காலில்லை ஆபா, கை."

"எட்டுக் கையா? வீட்டு வேலைக்கு வெச்சுக்கலாமே!"

எனக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது என்று நினைத்து ஒதுங்கியிருந்தேன். ஒருநாள் நீ தொட்டி முன்னால் கவலையோடு நின்றாய். வெயிலுக்குத் தண்ணீர் வற்றுகிறது, வற்றினால் உப்பு ஏறும், எவ்வளவு ஏறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய். நான் மறுநாள் தொழிற்சாலையிலிருந்து பார்க்காமீட்டரைக் கொண்டுவந்தேன். தோல் ஊறும் தொட்டிகளில் சாறு எவ்வளவு கெட்டி என்று பார்க்க நாங்கள் மிதக்கவிடும் கண்ணாடிக் குழாய் அது. கோவளத்திலிருந்து கொண்டுவந்து மூடியே வைத்திருந்த தண்ணீரில் விட்டேன். சரியாக இருபத்தைந்தில் நின்றது. தொட்டியில் விட்டேன். முப்பதைத் தொட்டிருந்தது.

"அஞ்சு ஜாஸ்தி. லேப்ல காய்ச்சி வடிச்ச தண்ணி இருக்கு. சாயந்தரம் கொண்டாந்து ஊத்தி இருபத்தஞ்சுக்கு இறக்கிடலாம்" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். கல்யாண மேடையில்கூட நீ என்னை அப்படிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் உன் உதவியாளன் ஆனேன். தொழிற்சாலைச் சரக்கை வாரம் ஒருமுறை மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர் காதர் பாயிடம் நான்கு கேன்களைக் கொடுத்தேன். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும், திருவான்மியூர்ப் பக்கம் போய்ச் சுத்தமான தண்ணீராக எடுக்க வேண்டும் என்று நீ கண்டிப்பாகச் சொல்லிவிட்டாய். அவர் முணுமுணுத்தபடியே ஒரு வாரமும் தவறாமல் கொண்டுவந்தார்.

"செக்போஸ்ட்ல ஒரே பேஜாரு சார். கேன்ல இன்னான்னு கேக்கறான். சமுத்திரம்னு சொன்னேன். எறங்குடா கீழன்றான்."

கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று ஏற்றும் மோட்டார் நின்றுவிடும். அதற்கும் அவர்தான் வழி சொன்னார். பழைய லாரி டியூப் ஒன்றில் காற்றை நிரப்பி, அதன் வாயில் சன்னமான ரப்பர் குழாய் பொருத்திக் கிளிப் போட்டு, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டோம். ஒரு டியூப் நாலு மணி நேரம் தாங்கியது. பஞ்சர் கடைக்காரர், நான் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் வருவதைப் பார்த்து, லாரி வாங்கிவிட்டேன் என்று நினைத்தார்.

அந்தப் பேய்க்கணவாய் என்னை மயக்கியது எதனால் என்று உனக்குத் தெரியும். ஒரு தோலுக்குப் பழுப்பு ஏற்ற எனக்கு அரைநாள் ஆகும். அதுவும் திட்டுத் திட்டாகப் போய்விடும். இதுவோ கண்மூடித் திறப்பதற்குள் மணல், செங்கல், சாம்பல் என்று மாறிக்கொண்டே இருந்தது. எந்தச் சாயம் என்று உன்னிடம் கேட்டேன்.

"சாயமில்லைங்க. தோலுக்குள்ள சின்னச் சின்னப் பை. அதை விரிச்சா நிறம் தெரியும், சுருக்கினா மறைஞ்சிரும்."

"யார் விரிக்கிறது?"

"அதுவேதான். உயிரோட இருக்குற தோலு."

பத்து வருஷமாகத் தோலோடு புழங்கியவன் நான். உயிருள்ள தோலைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்தால் நீ சாப்பிடக் கூப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

அப்படி ஒரு ஞாயிறு காலையில்தான் தொட்டி காலியாக இருந்தது. மேலே மூடிய பலகை ஒரு விரல் அகலத்துக்கு நகர்ந்திருந்தது. கலயத்தில் இல்லை, மணலுக்குள் இல்லை. நீ அழுகிற நிலைக்கு வந்துவிட்டாய். அடுப்புக்குப் பின்னால், மர பீரோவுக்கு அடியில், என் ஷூவுக்குள் என்று தேடிக்கொண்டிருந்தபோது முற்றத்திலிருந்து ஆபாவின் குரல் கேட்டது.

"பேட்டி! உங்க வீட்டு மேமான், அதான் விருந்தாளி, இங்க துணி தொவைக்கிற கல்லு கிட்ட உலாத்துறாங்க! தண்ணி ஊத்தட்டா?"

"ஊத்தாதீங்க ஆபா! நல்ல தண்ணி பட்டா செத்துரும்!"

"நல்ல தண்ணி பட்டா சாவுமா? இன்னா பேசற நீ? அப்ப நம்ம கெணத்துத் தண்ணி ஊத்தறேன், அதுதான் வாயில வைக்க முடியாம கரிக்குதே!"

நல்லவேளையாக ஊற்றவில்லை. கல்லோரம் கிடந்த ஈரச் சாக்கின் மேல் சோர்ந்து கிடந்ததை நீ இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் விட்டாய். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு தலைக்குக் கீழே இருக்கும் நீர்க்குழலை என் பக்கம் திருப்பி, முகத்தில் சரியாக ஒரு பீச்சு பீச்சியது. ஆபா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவரும் நம் கட்சிதான். ஆலங்காயத்திலிருந்து காய்கறி கொண்டுவருகிற அம்மாவிடம் சொல்லி, அதற்குத் தீனியாக வயல் நண்டுகளை வாங்கிச் சேர்த்தார். ஆம்பூரில் நண்டு யாருக்கு என்று கேட்டவர்களிடம், "கீழ்வீட்டு மருமகளுக்கு" என்று சொல்லிவைத்திருந்தார். உனக்கு மசக்கை என்று தெரு முழுக்கப் பேச்சானது.

பங்குனி பிறந்ததும் அது நண்டைத் தொடவில்லை. கூழாங்கற்களை இழுத்து வந்து கலயத்தின் வாயை அடைத்துக்கொண்டது. நீ டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாய். கலயத்தின் உள்கூரையில் அரிசி மணிகள் மாதிரி முட்டைகள் வரிசையாகத் தொங்கின.

பேராசிரியருக்கு எழுதினாய். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. உடனே ஃபார்மலினில் போட்டு அனுப்பும்படி எழுதியிருந்தார். முட்டைகளோடு இருப்பது இன்னும் நல்லது, தாமதித்தால் அழுகிவிடும், இதை வைத்தே உன்னை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிடலாம் என்றும் இருந்தது. நீ அதை மூன்று தரம் படித்தாய்.

"இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"போட்டு அனுப்பிட்டா நான் சேந்துருவேன். எத்தனை தவளை அறுத்திருக்கேன், இது ஒண்ணும் புதுசில்லை." நீ என்னைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்தாய். "ஆனா இது முட்டையை எப்பிடிப் பாத்துக்குது, எத்தனை நாள்ல பொரியுது, குட்டி எப்பிடி இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் ஒரு மாசம் மேல ஆவும். இந்த வெயில்ல அதுக்குள்ள செத்து அழுகிட்டா, அதுவும் போச்சு, படிப்பும் போச்சு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "தண்ணி இருபத்தஞ்சுல நிக்கும். அது என் பொறுப்பு. மீதிய நீ முடிவு பண்ணு."

மறுநாள் நீ தபாலில் போட்ட கடிதத்தில் இரண்டே வரி. "முட்டைகளை அடைகாக்கிறது. பொரியும்வரை காத்திருக்கிறேன், மன்னிக்கவும்." போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரக் கடைசியில் பேராசிரியரே வந்து இறங்கினார். கையில் ஒரு பை, அதற்குள் ஃபார்மலின் பாட்டில். வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு ஆபா மோர் கொண்டுவந்து கொடுத்தார். நீ ஒன்றும் வாதாடவில்லை. தொட்டி முன்னால் ஒரு முக்காலியைப் போட்டாய்.

"உக்காருங்க சார். கொஞ்ச நேரம் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். கலயத்துக்குள் அது தன் கை நுனிகளால் ஒவ்வொரு முட்டையையும் தடவித் துடைத்துக்கொண்டிருந்தது. இடையிடையே குழலால் மெல்லத் தண்ணீர் ஊதியது. திரும்பத் திரும்ப அதே வேலை. கரண்ட் போனது, நான் லாரி டியூபின் கிளிப்பைத் திறந்தேன், குமிழிகள் வந்தன. அவர் அதையும் பார்த்தார். தொட்டி சூடாகாமலிருக்கச் சுற்றிக் கட்டியிருந்த ஈரச் சாக்கையும், மிதந்துகொண்டிருந்த பார்க்காமீட்டரையும், நாளுக்கு ஒரு பக்கமாக நீ எழுதி வைத்திருந்த நோட்டையும் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார்.

"ஏம்மா, செத்தது ரெண்டு என்கிட்ட இருக்கு. மூணாவது எனக்கெதுக்கு?" என்றார். பாட்டிலை உன் கையில் கொடுத்தார். "அதோட காலம் முடிஞ்ச பிறகு இதுல போடு. அதுவரைக்கும் நோட்டை மட்டும் நிறுத்தாத."

அவர் தெருமுனை திரும்பியதும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தோல் வாசனையோ எதுவோ ஒன்றையும் கவனிக்காமல், என் தோளில் தலையை இடித்து இடித்துச் சிரித்தாய். ஆபா மாடிப்படியில் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சித்திரையில் ஒரு காலை குட்டிகள் வந்தன. உளுந்துதான் இருக்கும் ஒவ்வொன்றும். பெரும்பாலான வகைகளில் குட்டிகள் மிதந்து போய்விடும் என்று நீ சொல்லியிருந்தாய். இவை அப்படியே தாயைப் போல மணலில் ஊர்ந்தன, நிறம் மாறின, ஒன்று மற்றொன்றைக் கண்டு பயந்து துளி மை விட்டது. முப்பத்தொன்று எண்ணினோம். தாய் இரண்டு நாள் இருந்தது. நிறமெல்லாம் போய், கலயத்தின் வாயில் கை நீட்டியபடியே அடங்கிவிட்டது. அதுதான் வழக்கம், குட்டி வந்ததும் தாய் போய்விடும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே உன் குரல் உடைந்தது. நீ அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

குட்டிகளைக் காதர் பாயின் லாரியில் கோவளத்துக்குக் கொண்டுபோனோம். முன் சீட்டில் நாம் மூன்று பேர், நடுவில் பக்கெட். தண்ணீர் உள்வாங்கிய நேரம் பார்த்து, பாறை இடுக்குகளில் டம்ளர் டம்ளராக விட்டோம். காதர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தமாக எண்ணினார். முப்பதோடு நின்றது. கடைசி ஒன்று பக்கெட்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"இதுக்கு ஆம்பூர்தான் புடிச்சிருக்கு சார்" என்றார்.

நீ அவசரப்படவில்லை. பக்கெட்டைத் தண்ணீரில் சாய்த்துப் பிடித்தபடி கால் மணி நேரம் குனிந்தே நின்றாய். அது தானாகப் போனது.

தாயை ஃபார்மலினில் போட்டுப் பேராசிரியருக்கு அனுப்பினாய். உன் நோட்டு ஒரு சிறு கட்டுரையாக அச்சில் வந்தது. முடிவில் நன்றி என்ற இடத்தில் ஒரு லாரி டிரைவரின் பெயரும், ஒரு வீட்டுக்காரம்மாவின் பெயரும், என் பெயரும் இருந்தன. ஆபா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். வேலை பார்த்துக்கொண்டே, கையில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாகப் பிள்ளைகளைச் சுமந்துகொண்டே, எண்பதுகளின் நடுவில் நீ டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் நம் குளியலறை மூலையில் ஒரு சிலந்தி, வெள்ளைப் பொட்டு மாதிரி ஒரு முட்டைப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேலைக்கு வரும் அமுதா துடைப்பத்தைத் தூக்கினாள்.

"இரும்மா. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்றேன்.

"இன்னா சார், சிலந்திக்குப் போயா?"

"ஆமாம்மா. குட்டி வர்றதைப் பாக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். நான் தினமும் காலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதினேன். முட்டி வலிக்கிறது, கண்ணாடி வழுக்குகிறது, ஆனாலும் விடவில்லை. எதற்காக இதைச் செய்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உன்னோடு நாற்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு வேறு மாதிரி இருக்க வரவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அமுதாவின் சத்தம் கேட்டது.

"சார்! சீக்கிரம் வாங்க! ஒவ்வொருத்தரா வெளிய வர்றாங்க!"

போய்ப் பார்த்தேன். துடைப்பம் வாசலுக்கு வெளியே கிடந்தது. அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.